முதல் கோரிக்கை

கம்பிக் கதவு அவர்களுக்குப் பின்னால் மூடியது. சங்கிலி சுற்றியது. பூட்டு விழுந்தது.

"சாவி யார்கிட்ட இருக்கும்?" என்றான் ரேடியோ.

"என்கிட்ட."

சொன்னவன் உயரமான விடுதி மாணவன். கழுத்தில் கயிறு, கயிற்றில் சாவி. எல்லோரும் அவனைப் பூட்டு என்றுதான் கூப்பிட்டார்கள்.

"நாங்க வெளிய போகணும்னா?"

"முடியாது தோழர். பொதுக்குழு முடியற வரைக்கும் உள்ள வந்தவங்க உள்ளதான். தீர்மானம்."

"இதை வர்றதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வந்திருக்க மாட்டீங்களே."

ரேடியோ திரும்பி வக்கீலம்மாவைப் பார்த்தான். "எலிப்பொறியிலகூட தின்ன ஏதாச்சும் வைப்பாங்க."

"நட," என்றார் வக்கீலம்மா.

அவர் கோர்ட்டுக்குப் போவதை நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இப்போது காணாமல் போன ஆட்களைத் தேடுகிறார், இருக்கிற ஆட்களின் பொய்களையும். ரேடியோ அவருடைய உதவியாளன். முன்பு ஏலக்கடையில் கூவிக்கொண்டிருந்தவன். கடை மூடிவிட்டது. வாய் மூடவில்லை.

பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் கட்டடம் மாணவர்கள் கையில் இருந்தது. விடுதியை இடித்து அந்த இடத்தில் கடை வளாகம் கட்ட நகரசபை முடிவு செய்தது. பல்கலைக்கழகம் தலையாட்டியது. கையோடு படிப்புக் கட்டணத்தையும் உயர்த்தியது. மாணவர்கள் இந்தக் கட்டடத்துக்குள் புகுந்து பூட்டிக்கொண்டார்கள். போலீஸ் வெளியே நின்று மின்சாரத்தை வெட்டியது. போன்கள் ஒவ்வொன்றாகக் கல்லாயின. கட்டடத்தில் உயிரோடு இருந்த ஒரே கருவி, பேட்டரியில் ஓடும் ஒலிபெருக்கி.

தாழ்வாரத்து ஜன்னல்களில் செய்தித்தாள் ஒட்டியிருந்தார்கள். பக்கக் கதவுகளுக்கு மேசைகளை அணை கொடுத்திருந்தார்கள். அந்தக் காற்றைப் பலர் பல தடவை மூச்சுவிட்டு முடித்திருந்தார்கள்.

"கம்பி எண்ணணும்னா ஜெயிலுக்குத்தான் போகணும்னு நினைச்சிருந்தேன்," என்றான் ரேடியோ.

வக்கீலம்மா காலையில் வந்த மனிதரை நினைத்துக்கொண்டிருந்தார்.

*

சேர்மனின் கார் டிரைவர். நகரசபைத் தலைவரை ஊரே சேர்மன் என்றுதான் சொல்லும். டிரைவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். எந்த நேரமும் ஹார்ன் சத்தம் கேட்டு எழுந்து ஓட வேண்டியவர் போல.

"என் பொண்ணை உள்ளயே ஒரு ரூம்ல அடைச்சு வெச்சிருக்காங்கம்மா. கூடப் படிக்கிற பசங்களே."

"ஏன்?"

"ரொட்டி, மாத்திரை வாங்க உள்ளயிருந்து யாராவது வெளிய போனா போலீஸ் சரியா அந்த வழியில நிக்குதாம். பிடிபட்டவங்களை அடிச்சுட்டாங்க. ஒருத்தனுக்குக் கை உடைஞ்சுபோச்சு. உள்ள இருந்து யாரோ காட்டிக்கொடுக்கறாங்கன்னு பேச்சு. நான் சேர்மன் வண்டி ஓட்டறேன் இல்லையா, அதனால அவதான்னு முடிவு பண்ணிட்டாங்க. இன்னைக்குப் பொதுக்குழு. கழுத்துல அட்டை மாட்டி வெளிய அனுப்பப் போறாங்களாம். வாசல்ல பத்திரிகைக்காரங்க நிக்கறாங்க. அதுக்கப்புறம் அவ எந்த காலேஜ் படி ஏறுவா?"

"காட்டிக்கொடுத்தது யார்?"

"எனக்கு எதுவும் தெரியாது."

பதில் கேள்வியை முந்திக்கொண்டு வந்தது. வக்கீலம்மா அதைக் கவனித்தார்.

டிரைவர் எழுந்தார். கதவு வரை போய் நின்றார். திரும்பாமல் பேசினார்.

"எங்க சேர்மனுக்குத் தூசி ஆகாது. கார்க் கண்ணாடிய இறக்கவே மாட்டாரு. இப்ப தினம் காலையில பல்கலைக்கழக முனையில வண்டிய நிறுத்தச் சொல்றாரு. கண்ணாடிய இறக்கறாரு. பசங்க மாடியில நின்னு இவரைத் திட்டிக் கோஷம் போடறாங்க. உக்காந்து கேக்கறாரு. முடிஞ்சதும் யாருக்கோ போன் பேசறாரு."

போய்விட்டார்.

"நான்னா வீட்லயே கேட்டுக்குவேன்," என்றான் ரேடியோ. "திட்டு வாங்க நான் பெட்ரோல் செலவு பண்ணினதே இல்ல."

*

பூட்டு அவர்களை மாடிக்கு அழைத்துப் போனான். படிக்கட்டுச் சுவரில் நீளமாக ஒரு பேனர்.

கட்டண உயர்வை ரத்து செய்.
விடுதியை இடிக்காதே.
பஸ் சலுகையைத் திருப்பிக் கொடு.
நூலகத்தை எந்நேரமும் திற.

"நல்ல எழுத்து," என்றார் வக்கீலம்மா.

"எழுத்தை விடுங்க. இந்த வரிசைக்கு நாங்க போட்ட சண்டையப் பாத்திருக்கணும் நீங்க." பூட்டு படியிலேயே நின்றுவிட்டான். "நாலு கோரிக்கை, நாலு அணி. யாருது முதல்லன்னு கூட்டம் மேல கூட்டம். ஒரு மேசைக்குக் காலே போச்சு. கடைசில, தலைவர் அணிதான் பெரிசு, அதனால கட்டணம் முதல்ல. எங்க விடுதி ரெண்டாவது. பேனர், போஸ்டர், கோஷம், எதுலயும் மாத்தக் கூடாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டோம்."

"கல்யாணப் பத்திரிகையில சித்தப்பா பேரு, மாமா பேரு மாதிரி," என்றான் ரேடியோ.

"ஆமா. ஆனா இப்ப மாத்திட்டாங்க."

"யாரு?"

"கோஷத்துல இப்ப பல நாள் பஸ் முதல்ல வருது. இல்லைன்னா நூலகம் முதல்ல வருது. கேட்டா சுழற்சி முறையாம். எங்க விடுதி ஒரு நாள்கூட முதல்ல வரல. இடிக்கப் போறது யாரோட கூரைய? எங்களோட கூரைய. கோஷத்துல முதல்ல நிக்கறது யாரு? டிக்கெட் விலை கேக்கறவங்க."

"வெளிய போலீஸ் நிக்குது, உள்ள தண்ணி இல்ல, உனக்கு இதுதான் கவலையா தம்பி?"

"அது பொதுக் கவலை தோழர். இது எங்க கவலை."

ரேடியோ சிரித்தான். வக்கீலம்மா சிரிக்கவில்லை. பேனரை மறுபடி மேலிருந்து கீழாகப் படித்தார்.

*

எழுதுபொருள் அறைக் கதவுக்கு வெளியே ஒரு மேசையைத் தள்ளி வைத்திருந்தார்கள். கதவின் மேல்பாதி கண்ணாடி. உள்ளே தாள் கட்டுகளின் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். விரல்களில் மை. போராட்டத்தின் துண்டறிக்கைகளையும் பேனர்களையும் எழுதியவள். பேனா என்று பெயர். இரண்டு நாளாக அந்தப் பெயர் போய் 'டிரைவர் பொண்ணு' வந்திருந்தது.

மேசை மேல் ஒரு சார்ட் தாள். மூலைகளில் துளை, துளையில் சணல். 'நான் துரோகி.'

பேனரில் பார்த்த அதே எழுத்து. வக்கீலம்மா அதைக் கையில் எடுத்தார்.

"இதை எழுதினது யாரு?"

"நான்தான்," என்றாள் உள்ளிருந்து. "என் எழுத்துதான் தூரத்துல இருந்து தெரியுமாம். தாளைக் கதவுக்கு அடியில தள்ளினாங்க. எழுதிக் குடுத்தேன்."

ரேடியோ ஏதோ சொல்ல வாய் திறந்தான். மூடிக்கொண்டான்.

"உங்கப்பா என்னை அனுப்பினாரு," என்றார் வக்கீலம்மா.

பேனா எழுந்து கண்ணாடிக்கு அருகில் வந்தாள். "என்ன சொன்னாரு?"

"நீ காட்டிக்கொடுக்கலன்னு."

"சரி. வேற?"

"தனக்கு எதுவும் தெரியாதுன்னு."

அவள் தோள்கள் இறங்கின. முகத்தில் ஏமாற்றம் இல்லை. நிம்மதி.

"ஆமா. அவருக்கு எதுவும் தெரியாது."

"காட்டிக்கொடுத்தது யார்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பாவும் பொண்ணும் ஒரே வேகம்," என்றான் ரேடியோ.

"நீ ஜன்னல்ல நின்னு கை காட்டினதைப் பாத்தவங்க இருக்காங்கன்னு பூட்டு சொன்னான்," என்றார் வக்கீலம்மா.

"அப்பா கீழ நிக்கறாரு. மேல பாக்கறாரு. கை காட்டாம என்ன பண்றது?"

"இந்த அட்டையோட வெளிய போனா உன் படம் ஊர் முழுக்கப் போகும். தெரியும்ல?"

"தெரியும்."

"வாயைத் திறந்தா போக வேண்டாம்."

"திறந்தா வேற ஒருத்தர் போயிடுவாங்க." அவள் தாள் கட்டுகளுக்கே திரும்பினாள். "நீங்க போங்கம்மா. நான் போய்க்கறேன்."

*

மாணவர் பேரவைத் தலைவர் பதிவாளரின் அறையில் இருந்தார். கடைசி வருட மாணவர். மடிப்புக் கலையாத சட்டை. தண்ணீர் இல்லாத கட்டடத்தில் அந்த மடிப்பு தனியாகத் தெரிந்தது. பதிவாளரின் நாற்காலியில் அவர் உட்காரவில்லை. அதன் முதுகில் கை வைத்து நின்றார்.

"உக்காருங்க தலைவரே. நாற்காலி சும்மாதானே கிடக்கு," என்றான் ரேடியோ.

"நான் நாற்காலிக்காக வந்தவன் இல்ல."

"கையை எடுத்துட்டுச் சொன்னா இன்னும் நல்லா இருக்கும்."

தலைவர் சிரித்தார். நல்ல சிரிப்பு. அதற்கே ஓட்டு விழும்.

"அவளுக்காக நானே பேசிப் பாத்தேன் மேடம். கூட்டம் கேக்க மாட்டேங்குது. அவளைக் கூட்டிட்டு நீங்களும் போயிடுங்க. அதுதான் அவளுக்கும் நல்லது."

"ஆள் எந்த வழியா வெளிய போகணும்னு யார் முடிவு பண்றது?"

"நாங்க மூணு பேர். நான், கோஷம் போடற பையன் மைக், பேனா. காலையில மாடிப்படியில நின்னு முடிவு பண்ணுவோம். வழி ரெண்டுதான். வண்டிக் கொட்டகை, இல்லைன்னா நூலகத்துக்குப் போற நடை. முடிவு பண்ணினதும் மொட்டை மாடிக்குப் போயிடுவோம். அங்க கோஷம் நடக்கும்போதே கீழ ஆள் கிளம்பிடுவான்."

"கோஷம் முடியறதுக்குள்ள யாராவது மாடிய விட்டு இறங்குவாங்களா?"

"இல்ல. மூணு பேரும் எல்லார் கண் முன்னாடியும் நிப்போம்."

"அப்ப அவ எப்ப சொன்னா?"

"கை காட்டினாளே."

"அது கீழ் ஜன்னல்ல. நீங்க சொல்ற நேரத்துல அவ மாடியில உங்க பக்கத்துல நிக்கறா."

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "அதெல்லாம் பொதுக்குழு பாத்துக்கும் மேடம்."

"கோஷ வரிசைய மாத்தினது யாரு?"

"அதுவா? சுழற்சி. எல்லா அணியும் சமம். என் அணிதான் முதல்ல இருந்தது, நானே விட்டுக்கொடுத்தேன். எந்த நாள் எது முதல்லங்கறதை மைக் பாத்துக்கறான். அந்தச் சின்ன விஷயத்துல நான் தலையிடறதில்ல."

வெளியே வந்ததும் ரேடியோ சொன்னான். "நல்ல மனுஷன். முதல் இடத்தைச் சும்மா தூக்கிக் குடுத்திருக்காரு."

வக்கீலம்மா மாடிப்படிப் பக்கம் நடந்தார்.

*

மைக், மாடிப்படியின் கடைசித் திருப்பத்தில் உப்புத் தண்ணீரைக் கொப்பளித்துக்கொண்டிருந்தான். பெரிய உடம்பு. அதிலிருந்து காற்றுப் போன டயர் போல ஒரு குரல் வந்தது. ஒலிபெருக்கியின் பேட்டரிகளை வெயில் விழும் படியில் வரிசையாகக் காயவைத்திருந்தான்.

"உயிர் வருமா?" என்றான் ரேடியோ.

"கொஞ்சம் வரும். என் தொண்டையவிடப் பரவாயில்ல. ரெண்டுல எது முதல்ல சாகும்னு பாக்கறேன்."

வக்கீலம்மா படியில் உட்கார்ந்தார். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"கோஷத்துல பஸ் முதல்ல வந்த அன்னைக்கு ஆள் எந்த வழியா போனான்?"

"கொட்டகை வழியா. அன்னைக்குத்தான் கை உடைஞ்சது."

"நூலகம் முதல்ல வந்த அன்னைக்கு?"

"நூலக நடை…" மைக் டம்ளரைக் கீழே வைத்தான்.

"பழையபடி கட்டணம் முதல்ல வந்த நாள்ல?"

"அன்னைக்கெல்லாம் யாரும் வெளிய போகல."

அவன் முகம் மெல்ல மாறியது.

"அம்மா. அப்ப நான்தானா?"

"நீ மட்டும் இல்ல. நீ சொன்னதைத் திருப்பிச் சொன்னவங்க அத்தனை பேரும். எந்தக் கதவுன்னு தினம் தொண்டை கிழியக் கத்திச் சொல்லியிருக்கீங்க. ரகசியத்தை ஒளிக்க இதைவிடப் பெரிய சத்தம் கிடைக்காது."

"எங்க ஏலத்துல இப்படித்தான்," என்றான் ரேடியோ. "எந்தப் பொருளை முதல்ல கூவறோம்னு பாத்து எங்க ஆளு விலைய ஏத்துவான். வாங்கறவனுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது." கொஞ்சம் நிறுத்தி, "அதான் கடை மூடிட்டாங்க," என்றான்.

"வரிசைய உனக்குச் சொல்றது யாரு?" என்றார் வக்கீலம்மா.

"தலைவர்தான். படி ஏறும்போது காதுல சொல்வாரு. பேனாகிட்டகூட சொல்ல மாட்டாரு."

"நீதான் முடிவு பண்றேன்னு அவர் சொல்றாரு."

"சத்தியமா இல்லம்மா."

"திருடனும் இதே சத்தியத்தைத்தான் வெச்சிருப்பான்," என்றான் ரேடியோ.

"உன் வார்த்தைக்கு எதிரா அவர் வார்த்தை. பொதுக்குழு யாரை நம்பும்?"

மைக் யோசிக்கவே இல்லை. "அவரை."

ரேடியோ வக்கீலம்மாவின் காதருகே குனிந்தான். "எதுக்குச் சுத்தி வளைக்கணும்? கார்க் கண்ணாடி கதையச் சொல்லிடுங்க. விஷயம் முடிஞ்சுடும்."

"முடியும். அதோட டிரைவரும் முடிஞ்சிடுவாரு. சேர்மன் கார்ல நடக்கறதை வெளிய சொல்ல ஒரே ஒரு ஆள்தான் இருக்கான்னு சேர்மனுக்குத் தெரியாதா? அந்தப் பொண்ணு எதுக்கு வாயைக் கட்டிட்டு உக்காந்திருக்கான்னு நினைச்ச?"

ரேடியோவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரே தாழ்ப்பாளுக்கு உள்ளே மகள், வெளியே அப்பா. யார் இழுத்தாலும் மற்றவர் விரல் நசுங்கும்.

"அப்ப வார்த்தையே வேண்டாம்," என்றார் வக்கீலம்மா. "தம்பி, பொதுக்குழு எப்படி ஆரம்பிக்கும்?"

"மொட்டை மாடியில. முதல்ல கோஷம்."

"எனக்காக ஒரு வரிசையில கத்துவியா?"

கீழே மணி அடித்தது.

*

மொட்டை மாடி நிறைந்திருந்தது. எல்லா முகங்களும் ஒரே மாதிரி காய்ந்திருந்தன. சுற்றிலும் கைப்பிடிச் சுவர். அதற்குக் கீழே சாலை, சாலை முழுக்கக் காக்கி. வாசலுக்கு எதிரே ஒரு ஜீப் நின்றது. முனையில், மர நிழலில், ஒரு வெள்ளைக் கார். அதன் பின்கதவுக் கண்ணாடி இறங்கியிருந்தது.

வக்கீலம்மா அதை ஒரு தடவை பார்த்தார். பிறகு அந்தப் பக்கமே திரும்பவில்லை.

பேனாவை இரண்டு மாணவிகள் அழைத்து வந்து ஓரமாக நிறுத்தினார்கள். பூட்டு கையில் அந்தச் சார்ட் தாள். அதை எப்படிப் பிடிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. எழுத்து தன் பக்கம் இருக்கும்படி பிடித்துக்கொண்டான்.

"யாராவது வெளிய கிளம்பறாங்களா இப்ப?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி வக்கீலம்மா கேட்டார்.

"இல்ல. எல்லாரும் இங்கதான் இருக்கோம்," என்றான் பூட்டு.

"நல்லது."

மைக் ஒலிபெருக்கியை எடுத்தான். பொத்தானை அழுத்தினான். அது கரகரத்தது.

"நூலகத்தை…"

"கட்டணம்," என்றார் தலைவர்.

மைக் நிறுத்தினான்.

"கட்டணம் முதல்ல," என்றார் தலைவர். "இன்னைக்கு முக்கியமான நாள். பழைய வரிசையிலயே போகட்டும்."

"ஏன் தலைவரே?" பூட்டு முன்னால் வந்தான். "சுழற்சின்னீங்க. சமம்னீங்க. எங்களை வாயடைச்சீங்க. இப்ப உங்க அணி மட்டும் எப்படி முதல்ல?"

"நூலகம்!" என்று பின்னாலிருந்து நூலக அணியின் பத்துப் பேரும் கத்தினார்கள்.

"இது சண்டைக்கு நேரம் இல்ல தோழர்களே."

"ஒரு கோஷத்துக்கு என்ன தலைவரே பயம்?" என்றான் ரேடியோ. "கத்தறதுக்கு வரி போட்டுட்டாங்களா?"

கூட்டம் சிரித்தது. தலைவரும் சிரிக்க வேண்டியதாயிற்று. ஒலிபெருக்கியைப் பிடிக்க நீட்டிய கையை இறக்க வேண்டியதாயிற்று.

மைக் கத்தினான். "நூலகத்தை எந்நேரமும் திற!"

"திற! திற!"

சத்தம் சுவரைத் தாண்டிச் சாலையில் விழுந்தது. அடுத்து மற்ற மூன்றும். முடிந்தது.

"எல்லாரும் சுவர் பக்கம் வாங்க," என்றார் வக்கீலம்மா. "கீழ பாருங்க. பேசாதீங்க."

கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. ஒருவன் இருமினான். பிறகு ஜீப் முனகியது. வாசலை விட்டு நகர்ந்து, நூலகச் சுவரை ஒட்டிய சந்துக்குள் போனது. ஒரு வரிசைக் காக்கி அதன் பின்னால் ஓடியது. நூலக நடையின் கதவுக்கு எதிரே போய், லத்தியை எடுத்துக்கொண்டு பதுங்கி நின்றது.

நூலக நடையில் யாரும் இல்லை. காலையிலிருந்தே யாரும் இல்லை.

"தற்செயல்," என்றார் தலைவர்.

"இருக்கலாம்," என்றார் வக்கீலம்மா. "தம்பி, பஸ்."

"பேட்டரி போயிட்டிருக்கு அம்மா."

"ஒரு தடவை."

"பஸ் சலுகையைத் திருப்பிக் கொடு!"

இந்தத் தடவை கூட்டம் பாதிக் குரலில்தான் திருப்பிச் சொன்னது. மீதிப் பாதி கீழே பார்த்துக்கொண்டிருந்தது. ஜீப் சந்திலிருந்து பின்னோக்கி வந்தது. திரும்பியது. வண்டிக் கொட்டகையை நோக்கிப் போனது. காக்கி வரிசை மறுபடி பின்னால் ஓடியது. கடைசியில் ஓடியவர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

"இன்னும் நாலு தரம் கத்துங்க. தொப்பை குறைஞ்சிடும்," என்றான் ரேடியோ.

ஒருவரும் சிரிக்கவில்லை. தங்கள் குரலே தங்களுக்குள் திரும்பி வந்து விழுவது ஒவ்வொரு முகத்திலும் தெரிந்தது. கை உடைந்தவன் அன்று காலையில் கீழே நின்று, மேலிருந்து வந்த கோஷத்தைக் கேட்டுத் தைரியமாகக் கிளம்பியிருப்பான்.

"நாமளா?" என்றான் பூட்டு.

"நீங்கதான். தெரியாம," என்றார் வக்கீலம்மா. "முதல் கோரிக்கை எதுவோ, அந்தக் கதவு. இந்தப் பொண்ணு யாருக்கும் கை காட்ட வேண்டிய அவசியமே இல்ல."

"மைக்தானே வரிசைய முடிவு பண்றான்," என்றார் தலைவர். குரல் சீராக இருந்தது. "அவன்கிட்ட கேளுங்க."

எல்லோரும் மைக்கைப் பார்த்தார்கள். அவன் இல்லையென்று தலையை ஆட்டினான். குரல் வரவில்லை.

"அவன் இப்பவும் கத்தினான்," என்றார் வக்கீலம்மா. "நான் கேட்டதும் கத்தினான். அது அடையாளம்னு வெளிய இருக்கறவங்களோட ஏற்பாடு பண்ணினவனா இருந்தா, உங்க எல்லாரையும் நிக்க வெச்சு அதைக் காட்ட ஒத்துக்குவானா? கத்தினவன் தயங்கல. தடுத்தவர் நீங்க."

வக்கீலம்மா தலைவருக்கு நேரே போய் நின்றார்.

"ஒரு மேசைக்காலை உடைச்சு வாங்கின முதல் இடம். அதை நீங்களே விட்டுக்கொடுத்தீங்க. இவன் நூலகம்னு ஆரம்பிச்சதும் அது திரும்ப வேணும்னீங்க. அரசியல்ல முதல் இடத்தைச் சும்மா குடுத்த ஆளை நான் பாத்ததே இல்ல. குடுத்ததைத் திருப்பிக் கேக்கும்போதுதான் விலை தெரியும்."

யாரும் அவரைத் தொடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக விலகினார்கள். நிற்க இடமில்லாத மாடியில் தலைவரைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் காலியானது. அவர் அதன் நடுவில் நின்றார். ஒரு அடி எடுத்து வைத்தார். வட்டமும் ஒரு அடி நகர்ந்தது.

"எப்படியும் தோக்கத்தான் போறோம்," என்றார். "தண்ணி இல்ல, சோறு இல்ல. நான் வெளிய ஒரு இடம் பிடிச்சா அங்கயிருந்து உங்களுக்காகப் பேசலாம்னு பாத்தேன்."

"நகரசபையில வார்டு சீட்டா?" என்றான் ரேடியோ.

மடிப்புக் கலையாத சட்டையை அவர் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வெளிய விடுங்க," என்றார் பூட்டிடம்.

பூட்டு கழுத்துக் கயிற்றைப் பிடித்தான். "பொதுக்குழு முடியற வரைக்கும் உள்ள வந்தவங்க உள்ளதான் தலைவரே. உங்க தீர்மானம்தான்."

*

பேனா நின்ற இடத்திலேயே நின்றாள். வக்கீலம்மா அவளருகே போனார். சுவர் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார்கள்.

"அப்பா பேரு வந்துச்சா?" மூச்சளவுக்குத்தான் கேட்டாள்.

"எங்கயும் வரல."

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "போராட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே தலைவரைச் சேர்மன் வீட்டுக்குக் கார்ல கொண்டுபோய் விட்டது அப்பாதான். வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னாரு. நான் கேட்டுட்டேன். நான் கேட்டதைப் பாத்ததும் அவர் முகம் போன போக்கு… அதை நான் சொன்னா யார் சொன்னதுன்னு கேப்பாங்கல்ல? அப்பா உங்ககிட்டயும் சொல்லலயே?"

"சொன்னாரு. தூசி ஆகாதவரு கண்ணாடிய இறக்கறாருன்னு மட்டும் சொன்னாரு. மீதிய நானே தேடிக்குவேன்னு நம்பினாரு."

பேனா கீழே பார்த்தாள். வெள்ளைக் கார் அங்கேயே நின்றது. வண்டிக் கொட்டகைக்குப் போன ஜீப் திரும்பி வந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை வாசலுக்கு. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் கம்பி வலை போட்ட ஒரு வேன்.

"ஏமாந்தது தெரிஞ்சுபோச்சு," என்றான் ரேடியோ. "நேரா வர்றாங்க. வக்கீலம்மா, நம்மளும் மாணவர்கள்னு சொன்னா நம்புவாங்களா?"

"என்னை நம்பலாம்," என்றார் வக்கீலம்மா. "உன் முகத்துக்குப் படிச்ச களை இல்ல."

கீழே சங்கிலி அசையும் சத்தம் கேட்டது. மாடியில் கூட்டம் தானாகவே நெருங்கி உட்கார்ந்தது. ஒருவர் முழங்கையை ஒருவர் கோத்துக்கொண்டார்கள். மைக் ஒலிபெருக்கியை வாய்க்குக் கொண்டுபோனான். அழுத்தினான். எதுவும் இல்லை. தட்டினான். எதுவும் இல்லை. வாயைத் திறந்தான். அதிலும் எதுவும் இல்லை.

பேனா பூட்டிடம் போனாள். கையை நீட்டினாள். அவன் அவளைப் பார்க்காமல் சார்ட் தாளைக் கொடுத்தான்.

அவள் சணலை உருவி எறிந்தாள். தாளைச் சுருட்டினாள். ஒரு முனை சிறியதாக, ஒரு முனை பெரியதாக. எழுத்து உள்பக்கம் போயிற்று. கைப்பிடிச் சுவர் அருகே போய், சிறிய முனையை வாயில் வைத்தாள்.

"கட்டண உயர்வை ரத்து செய்!"

"செய்! செய்!"

மர நிழலில் காரின் பின்கதவுக் கண்ணாடி மேலே ஏறத் தொடங்கியது.

"விடுதியை இடிக்காதே!"

பூட்டின் குரல் மற்றவர்களைவிட ஓங்கி வந்தது. பின்கதவுக் கண்ணாடி முழுக்க ஏறி மூடிக்கொண்டது. உள்ளே யாரும் தெரியவில்லை.

"பஸ் சலுகையைத் திருப்பிக் கொடு!"

கீழே சங்கிலி அறுந்து விழுந்தது. படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் ஏறி வந்தது. பேனா திரும்பவில்லை. சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது காரின் முன்கதவுக் கண்ணாடி, டிரைவர் பக்கம், மெல்ல இறங்கியது.

அவள் நான்காவது கோரிக்கையைச் சொன்னாள்.